ஊசி நேரத்தில் பூனையைக் காணோம்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது, மணல் பெட்டியில் ஈரக் கட்டிகள் பெரிதாகின்றன, நன்றாகச் சாப்பிட்டும் பூனை இளைக்கிறது என்றால் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், பலர் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டுக் கையில் ஊசியோடு நிற்கிறார்கள் என்று தெரிகிறது. ஆகவே இந்த மாதம் முழுக்க இதுதான். நாய், கிளி, ஆமை வளர்ப்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் 'குண்டு'வுக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண். ஏழு கிலோவுக்கு மேல் இருந்தவன் ஐந்தரைக்கு வந்துவிட்டான். சர்க்கரை நோய் என்று உறுதியாகி, காலையும் இரவும் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு ஊசியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. அவனோ ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். இழுத்துப் பிடித்துப் போடுவதற்குள் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடுகிறது. காலம் முழுக்க இப்படியேதானா?

பதில்: குண்டு பயப்படுவது ஊசிக்கு இல்லை. இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் 31 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அது தோலில் இறங்குவதைப் பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவன் பயப்படுவது உங்களுக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, குனிந்தபடி அவனை நோக்கி வருகிறீர்கள் பாருங்கள், அதற்கு.

எனவே துரத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, அவன் வேறு அறையில் இருக்கும்போது, இன்சுலினை சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவுக்கும் ஊசிக்கும் அவன் போட்டிருக்கும் முடிச்சு அவிழ வேண்டும். ஊசி இல்லாத நேரங்களிலும் ஃப்ரிட்ஜைத் திறந்து அவனுக்குப் பிடித்த இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுங்கள். அப்புறம், எப்போதும் ஒரே இடத்தில், ஒரே கிண்ணத்தில் சாப்பாடு. கட்டிலறைக் கதவு அந்த நேரத்தில் சாத்தியிருக்கட்டும்.

அவன் தின்ன ஆரம்பித்ததும் பக்கத்தில் உட்காருங்கள். ஊசி போடாவிட்டாலும் அந்த இடத்துத் தோலைத் தினமும் நாலைந்து தடவை விரலால் தூக்கி விடுங்கள். விலாப்பக்கம், தோள்பட்டைக்குப் பின்புறம் எல்லாம் நல்ல இடங்கள்தான். பிடரியிலேயே போட வேண்டும் என்பதில்லை, ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பப் போடவும் கூடாது. தோலைத் தூக்கினால் அடியில் ஒரு சின்னக் கூடாரம் மாதிரி இடைவெளி கிடைக்கும். ஊசியின் சாய்ந்த முனை மேலே பார்க்க, உடம்புக்கு ஏறக்குறைய இணையாக அந்த இடைவெளிக்குள் நுழைத்து, மெதுவாக அழுத்தி, வெளியே எடுங்கள். தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் வலிக்கும். ஒரே சீராகப் போனால் வலிக்காது. பழகுவதற்குச் சுருட்டிய துண்டில் வெறும் தண்ணீரை ஏற்றிப் பாருங்கள். கை நடுக்கம் அதிலேயே பாதி போய்விடும்.

போட்ட பிறகு அந்த இடத்து முடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ, பிளாஸ்திரிபோல ஒரு மருந்து வாசனை விரலில் வந்தாலோ, ஊசி மறுபக்கம் துளைத்து இன்சுலின் முடியில் கொட்டியிருக்கிறது. இங்கேதான் முக்கியமான விஷயம்: கொட்டிவிட்டதே என்று இன்னொரு ஊசி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வேளை போனது போகட்டும். அடுத்த வேளை வழக்கமான அளவு. பன்னிரண்டு மணி நேரம் சர்க்கரை ஏறியிருப்பதால் குண்டுவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு ஊசி மருந்து ஒன்றாக உள்ளே போனால் ஆகும்.

இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். பூனைக்குச் சர்க்கரை ஏறி நின்றால் கெடுதல் வாரக் கணக்கில் வரும். இறங்கினால் நிமிடக் கணக்கில் வரும்.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்த இன்சுலின் பாட்டிலில் '40' என்று போட்டிருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சில் '100' என்று இருக்கிறது. "எல்லாம் ஒன்றுதான், யூனிட் கணக்குதானே" என்றார் கடைக்காரர். ஒன்றுதானா?

பதில்: இல்லவே இல்லை. அந்த சிரிஞ்சைத் தொடாதீர்கள். யூ-40 என்றால் ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட். யூ-100 என்றால் அதே ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சின் கோடுகள் அந்தந்த மருந்துக்காகவே அச்சடிக்கப்பட்டவை. உங்கள் நிலைமையில், யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் எடுத்தால் பூனைக்குப் போக வேண்டியதில் பாதிகூடப் போகாது. பல நாள் ஊசி போட்டும் சர்க்கரை குறையவில்லையே என்று திண்டாடுவீர்கள். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து: யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். 2 யூனிட் என்று நினைத்து 5 யூனிட் போட்டிருப்பீர்கள். பொதுவாக யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100-க்கு ஆரஞ்சு மூடி. ஆனாலும் மூடியை நம்பாமல் உருளையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம் என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வகுத்தல் கணக்கு சரிவராது.

பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில இன்சுலினைப் பயன்படுத்துமுன் நன்றாகக் குலுக்க வேண்டும், சிலவற்றை உள்ளங்கையில் மெல்ல உருட்டினால் போதும், கிளார்ஜின் போன்ற தெளிந்த மருந்துக்கு இரண்டுமே வேண்டாம். உங்களுடையது எந்த ரகம் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள். உறைந்துபோனதைத் தூக்கி எறியத்தான் வேண்டும். வெளியே எடுத்து இளக்கிப் போடுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: என் அப்பாவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவருடைய மருந்தையும் சர்க்கரை பார்க்கும் மெஷினையும் பூனைக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: மருந்து: நீங்களாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான கிளார்ஜினைப் பூனைகளுக்கும் நாங்கள் எழுதுவது உண்டு, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அப்பாவுடையது எந்த ரகம், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதெல்லாம் வேறு கதை. அவருடைய அளவு பூனையைக் கொன்றுவிடும். பெரும்பாலான பூனைகளுக்கு ஒரு வேளைக்கு ஒரு யூனிட், அதை ஒட்டிய அளவில்தான் ஆரம்பிப்போம். அரை யூனிட் ஏற்ற இறக்கம்கூடக் கணக்கில் வரும். அதனால்தான் அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்ச் வாங்கச் சொல்கிறோம். போகிற போக்கில் ஒரு தகவல்: பூனையின் இன்சுலின் மாட்டு இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது, மனித இன்சுலினிலிருந்து நான்கில். இருந்தும் மனித இன்சுலின் அதன் உடம்பில் வேலை செய்கிறது என்பது நமக்கு அதிர்ஷ்டம்.

மெஷின்: அவசரத்துக்கு உதவும். ஆனால் பூனை ரத்தத்தில் சர்க்கரை சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே பிரிந்திருக்கும் விகிதம் மனித ரத்தத்தில் உள்ளதுபோல் இல்லை. மனித மெஷின் பொதுவாக உண்மையைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்றே அளவு திருத்திய மெஷின்கள் உண்டு. எதை வாங்கினாலும் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள், எந்த மெஷின் என்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லியும் விடுங்கள். இரண்டு மெஷினில் பார்த்து இரண்டு எண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மண்டை காய்ந்துவிடும்.

ரத்தம் எடுப்பது காது ஓரத்தில். காதைப் பிடித்துப் பார்த்தால் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடுவது தெரியும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் காதைச் சற்று நேரம் பிடித்து, உலர்த்தி, விளிம்பில் லேசாக வாஸ்லின் தடவி, பின்னால் பஞ்சை அணைத்துக்கொண்டு குத்துங்கள். வாஸ்லின் இருந்தால் ரத்தம் முடியில் பரவி ஓடாமல் முத்தாகத் திரண்டு நிற்கும், ஸ்ட்ரிப்பைக் காட்டினால் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் அவன் தலையை உதறியதும் சுவரெல்லாம் பொட்டு வைத்துவிடுவான்.

கேள்வி: மருத்துவமனையில் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை 340. இதைப் பார்த்த பிறகும் டாக்டர் "உறுதியாகச் சொல்ல முடியாது, சிறுநீரும் ஃப்ரக்டோசமைனும் பார்க்க வேண்டும்" என்கிறார். 340 போதாதா? வீணாகச் செலவு வைக்கிறாரோ என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் டாக்டர் நல்லவர். அவரை விட்டுவிடாதீர்கள். பூனையைக் கூண்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்து, மேஜையில் பிடித்து அமுக்கி ரத்தம் எடுத்தால், சர்க்கரை நோய் இல்லாத பூனைக்கும் 300-க்கு மேல் ஏறும். வீட்டில் அமைதியாக இருக்கும் பூனைக்கு ஏறக்குறைய 70 முதல் 150 வரைதான் இருக்கும். ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை அந்த ஒரு நிமிடக் கலவரத்தைக் கணக்கில் எடுக்காது. முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும். சிறுநீரில் சர்க்கரை கசிவதற்கு ரத்தச் சர்க்கரை சுமார் 250-300 என்ற எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். அதனால் வீட்டில் பிடித்த சிறுநீர் இன்னும் நல்லது. ஒரு எண்ணை வைத்து, நோயே இல்லாத பூனைக்கு இன்சுலின் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்துவிடும். தொற்று, கெட்டுப்போன பல், கணைய வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: தினமும் இரவு ஊசிக்கு முன் பார்க்கிறேன். நேற்று 410 இருந்தது. பயந்துபோய் ஒரு யூனிட் கூடுதலாகப் போட்டேன். காலையில் 190. நான் செய்தது சரிதானே? இனிமேல் சர்க்கரையைப் பார்த்து நானே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: சரியில்லை. நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் சரியாகிவிடாது. இடையில், அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு எவ்வளவுக்கு இறங்கியது என்பதை நீங்கள் பார்க்கவில்லை.

ஊசிக்கு முன் பார்க்கும் எண் பெரும்பாலும் அன்றைக்கு அதிகமான எண். போன ஊசியின் வேலை முடிந்திருக்கும் நேரம் அது. இன்சுலின் அளவை நாங்கள் முடிவு செய்வது அதை வைத்து அல்ல, இரண்டு ஊசிக்கு நடுவில் சர்க்கரை எவ்வளவு ஆழம்வரை இறங்குகிறது என்பதை வைத்து. அதற்காகத்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், பன்னிரண்டு மணி நேரம் பார்த்து வரைபடம் போடச் சொல்கிறோம். தோலில் ஒட்டும் சென்சாரும் உண்டு. மனிதர்களுக்காக வந்தது, 14 நாள் என்று எழுதியிருப்பார்கள், பூனை அதற்கு முன்பே நக்கிப் பிய்த்து எடுத்துவிடும். இருந்தாலும் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். அளவை மாற்றியதும் மறுநாளே மறுபடி மாற்றக் கூடாது. உடம்பு புது அளவுக்குப் பழகப் பல நாள் ஆகும். அதுவரை எண்களைக் குறித்து வையுங்கள், துரத்தாதீர்கள். என்னிடம் நெருக்கடியில் வரும் சர்க்கரைப் பூனைகளில் பலவற்றின் வீட்டுக்காரர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல; அக்கறை கொஞ்சம் கூடிப்போனவர்கள்.

இறங்கிவிட்டால் எப்படித் தெரியும்? தள்ளாடும், கால் பின்னும், திடீரென்று பேய்ப்பசி எடுத்ததுபோல் கத்தும், அல்லது ஒரு மூலையில் போய் ஒடுங்கி வெறித்துப் பார்க்கும். முற்றினால் வலிப்பு, மயக்கம். மெஷினில் 60-க்குக் கீழே காட்டினால் பூனை நன்றாகத் தெரிந்தாலும் அது அவசரம்தான். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். சாப்பிட முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேயுங்கள். மொத்தம் ஒரு டீஸ்பூன் போதும். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பல்லுக்கிடையில் விரலை விட்டால் விரல் போய்விடும், உதட்டைத் தூக்கி வெளிப்புற ஈறில் மட்டும் தடவுங்கள். தெளிந்து எழுந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தேனின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், உள்ளே போன இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். தேன் பாட்டில் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஒன்றுக்கு மட்டும் சர்க்கரை. எப்போதும் கிண்ணத்தில் உலர் தீவனம் இருக்கும், வேண்டியபோது கொறிப்பார்கள். சர்க்கரைப் பூனைக்குத் தனிச் சமையலா? எடையைக் குறைக்கப் பட்டினி போடலாமா?

பதில்: பட்டினி மட்டும் வேண்டாம். குண்டான பூனை ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அது உயிருக்கு ஆபத்தாகும். எடை வாரத்துக்கு ஒரு சதவீதம் அளவில் குறைந்தால் போதும். ஏழு கிலோ பூனைக்கு அது 70 கிராம். குழந்தைகளை நிறுக்கும் தராசு இருந்தால் வாரம் ஒரு நாள் நிறுத்து எழுதுங்கள். அதுவே, நன்றாகச் சாப்பிட்டும் எடை தானாக இறங்கிக்கொண்டே போனால், நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மகிழ்ச்சி அடையாதீர்கள்.

பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னப் பிறந்த விலங்கு. சாப்பாட்டில் வரும் மாவுச்சத்தைச் சட்டென்று கையாளக் கல்லீரலில் வேண்டிய நொதி அதற்கு மிகக் குறைவு. உலர் தீவனத்தை உருண்டையாக்கவே மாவு வேண்டும். அதனால் புரதம் அதிகமாகவும், கலோரியில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து வராமலும் இருக்கிற ஈரத் தீவனம்தான் பொருத்தம். பட்டாணி, உருளைக்கிழங்கு போட்டுவிட்டு 'தானியம் இல்லாதது' என்று உறையில் எழுதியிருப்பார்கள். அதில் மயங்காதீர்கள், அவையும் மாவுதான். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மற்றப் பூனையும் வளர்ந்து ஆரோக்கியமாக இருந்தால் அதே ஈரத் தீவனத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். தனிச் சமையல் வேண்டாம். உலர் தீவனக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் வீட்டில் கலகம் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே இன்சுலின் போய்க்கொண்டிருக்கும் பூனைக்குத் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் பழைய இன்சுலின் அளவே அதிகமாகிவிடும். சாப்பாட்டை மாற்றப் போகிறேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

கேள்வி: ஊசிக்குப் பதில் மாத்திரை வந்துவிட்டதாமே?

பதில்: வந்திருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கும் பூனைகளுக்காக அனுமதி கொடுத்தது. இரண்டும் நாளுக்கு ஒரு தடவை. ரத்தத்தில் உள்ள உபரிச் சர்க்கரையைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றுவதுதான் இவற்றின் வேலை. ஊசிக்கு அஞ்சுபவர்களுக்குப் பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் இவை இதுவரை இன்சுலின் போடாத, மற்றபடி தெம்பாக இருக்கும் பூனைகளுக்குத்தான். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பூனையை நாளைக் காலையிலிருந்து மாத்திரைக்கு மாற்றுவது கூடாது. உடம்பில் இன்சுலின் போதாமல் போனால், மெஷினில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். எண் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், பூனை படுத்துவிடும். ஆரம்பிக்குமுன் ரத்தப் பரிசோதனையும், முதல் சில வாரம் கீட்டோன் கண்காணிப்பும் கட்டாயம்.

கேள்வி: பின்னங்கால் பாதம் முழுவதையும் தரையில் பதித்து, முயல் மாதிரி நடக்கிறாள். மேஜைமேல் தாவுவதையும் விட்டுவிட்டாள். எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: முதலில் சர்க்கரையைப் பாருங்கள். பூனை விரல்களில் நடக்கும் விலங்கு. குதிகால் தரையைத் தொட்டால், நெடுநாள் ஏறி நின்ற சர்க்கரை கால் நரம்புகளைப் பாதித்திருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு இது மெல்லத் திரும்பும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதுவரை வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள், மணல் பெட்டியின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும்.

கேள்வி: அவனுக்கு ஊசி போடும் நேரம், ஆனால் காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். ஊசி போட்டேன். தவறா?

பதில்: சாப்பிடாத பூனைக்கு முழு அளவு இன்சுலின் போடுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த வேளைக்குக் குறைத்துப் போடச் சொல்லலாம், விட்டுவிடவும் சொல்லலாம். ஆனால் "சாப்பிடவில்லை, அதனால் ஊசி வேண்டாம்" என்று இரண்டு மூன்று நாள் நீங்களாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. சர்க்கரைப் பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்தால் கீட்டோன் ஏறியிருக்கலாம். சிலருக்கு அதன் மூச்சில் நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை தெரியும், சிலர் மூக்குக்கு எட்டாது. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் வீட்டில் இருக்கட்டும். நிறம் மாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை அது.

கேள்வி: ஊசி நேரம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால்?

பதில்: ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் பெரிதாக நினைக்க வேண்டாம். எப்போதோ ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்றால், அந்த ஊசியைப் போட்டுவிட்டு அடுத்ததையும் கொஞ்சம் தள்ளி, மெல்லப் பழைய நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பல மணி நேரம் கடந்துவிட்டால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். இரண்டு ஊசியை நெருக்கிப் போடாதீர்கள். வீட்டில் இரண்டு பேர் ஊசி போடுபவர்கள் என்றால் சுவரில் நாள்காட்டி மாட்டி, போட்டவுடன் டிக் அடியுங்கள். "நீ போட்டிருப்பாய் என்று நினைத்தேன்" என்பதைவிட "நீ போடவில்லை என்று நினைத்துப் போட்டேன்" என்பதுதான் எனக்குக் கிலி.

கேள்வி: பூனைக்குச் சர்க்கரை முழுதாகக் குணமாகும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: 'குணம்' என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஆனால் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குப் பூனைகள் போவது உண்டு. நாய்களுக்கு அநேகமாக இல்லாத ஒரு வாய்ப்பு இது. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரையைப் போன்றது. உடல் பருமன், நடமாட்டம் இல்லாத வீட்டு வாழ்க்கை, அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் நெடுநாள் கொடுத்த ஸ்டீராய்டு இவற்றால் கணையம் களைத்துப்போகிறது. நோய் தெரிந்தவுடன் தாமதிக்காமல் இன்சுலின் ஆரம்பித்து, மாவுச்சத்தைக் குறைத்து, எடையையும் நிதானமாகக் குறைத்தால், கணையம் மீண்டும் எழ இடம் கிடைக்கிறது. அப்போது தேவைப்படும் அளவு குறைந்துகொண்டே வரும். இன்சுலின் இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சரியாக இருந்தால் நாங்கள் மூச்சு விடுவோம்.

அதன் பிறகும் சாப்பாட்டு ஒழுங்கு அப்படியே தொடர வேண்டும். மாதத்தில் ஒன்றிரண்டு தடவையாவது சர்க்கரை பாருங்கள், ஸ்டீராய்டு ஊசி என்று யாராவது எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொல்லுங்கள். கொஞ்சம் பேருக்கு நோய் திரும்பும். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போய், பூனையின் முகமும் பாதமும் பெருத்துவருகிறது என்றால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் முன்பு நினைத்ததைவிட அது அதிகம் இருக்கிறது.

கேள்வி: என் கணவர், "பதினான்கு வயதுப் பூனைக்கு இதெல்லாம் தேவையா, நிம்மதியாகப் போகவிடு" என்கிறார். நான் சுயநலமாக இருக்கிறேனா?

பதில்: உங்கள் கணவரைக் கல்நெஞ்சர் என்று நினைக்க வேண்டாம். அவரும் பூனையின் நிம்மதியைத்தான் பேசுகிறார். ஆனால் சர்க்கரை நோய் வலியில் துடிக்கும் நோய் அல்ல. கட்டுக்குள் வந்த பூனை சாப்பிடுகிறது, வெயிலில் படுக்கிறது, ஜன்னலில் பறவை பார்க்கிறது. பதினான்கு வயது என்பது மட்டும் காரணமாகாது. சிறுநீரகம், இதயம் எப்படி என்று பார்த்து, சரியாக இருந்தால் ஒன்றிரண்டு மாதம் முயன்று பாருங்கள் என்பது என் பேச்சு. அந்தக் காலத்துக்கு ஊசி போடும் வேலையைக் கணவரிடமும் பாதி கொடுங்கள். மாறாக, வேறு பெரிய நோய்களும் சேர்ந்து, அவள் சாப்பிடுவதையும் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதையும் விட்டுவிட்டாள் என்றால், அவர் சொல்வதையும் டாக்டரிடம் திறந்து பேசுங்கள். அதில் குற்ற உணர்வுக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: பூனையின் தண்ணீர்க் கிண்ணத்தில் என் நான்கு வயது மகன் கைவிட்டு விளையாடுகிறான். சர்க்கரை அவனுக்கு ஒட்டிக்கொள்ளுமா? தண்ணீரைக் குறைத்து வைத்தால் பூனை சிறுநீர் கழிப்பதும் குறையுமா?

பதில்: ஒட்டாது. தண்ணீரைக் குறைக்கவே கூடாது. அவள் தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் போகவில்லை, சர்க்கரை சிறுநீரில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதால் குடிக்கிறாள். கிண்ணத்தை எடுத்தால் உடம்பில் நீர் வற்றிவிடும். இரண்டு கிண்ணமாக வையுங்கள். மகனிடமிருந்து காப்பாற்ற வேண்டியது ஊசிகளைத்தான். போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட முயலாமல், மூடி திருகும் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போடுங்கள். டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நிறைந்ததும் குப்பையில் கொட்டாதீர்கள், உங்கள் டாக்டரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.